முட்டம், சனிக்கிழமை, நாலு மணி

வெட்டூர்ணிமடம், நாகர்கோவில்
12.2.2025

கர்த்தருக்குள் பிரியமான தம்பி வேதசிரோமணிக்கு,

அக்கா மெட்டில்டா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் கிருபையாய்ச் சுகமாயிருக்கிறோம். அத்தானுக்குப் படியேறும்போது மட்டும் முழங்கால் மக்கர் பண்ணுகிறது. அங்கே உன் சுகத்துக்கும் ஷெர்வின் சுகத்துக்கும் எழுது.

என்னடா இது, கையில் போன் இருக்க அக்கா காகிதம் எழுதுகிறாளே என்று முழிப்பாய். போனில் பேசினால்தான் நமக்குள் சண்டை வந்துவிடுகிறதே! கிறிஸ்துமஸ் அன்றைக்கு, "ஷீலா போய் நாலு வருஷமாச்சு, உனக்கு ஒரு துணை பார்க்கட்டுமா" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன். பட்டென்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை. காகிதத்தில் சண்டை போட்டால் போய்ச்சேரவே நாலு நாள் ஆகும், அதற்குள் இரண்டு பேருக்கும் ஆறிவிடும். அந்தப் பேச்சை இனி உன்னிடம் எடுக்கமாட்டேன். போதுமா?

இப்போது வேறு விஷயம். நீ ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அஸ்தினாபுரம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாயாம். மே மாதம் இங்கே வா, நம் கடற்கரையை ஒரு சுற்றுச் சுற்றுவோம். உங்கள் மெட்ராஸ் கடல் மாதிரி வெறும் மணல் கொட்டின கடல் இல்லை இது. முட்டத்தில் செம்மண் மேடு நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். கீழே ஆனை ஆனையாய்ப் பாறை. அலை அடித்தால் மேலே நிற்கிறவன் மூஞ்சியெல்லாம் உப்பு. நீதான் திட்டம் போடுவதில் பெரிய சூரனாயிற்றே, போடு பார்ப்போம்.

பதில் எழுதாவிட்டால் நானே ரயிலேறி வந்து வாசலில் நிற்பேன்.

உன் அக்கா,
மெட்டில்டா


அஸ்தினாபுரம்
25.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் சுகம். ஷெர்வினும் சுகம். சிறுசேரியிலிருந்து அவன் வருவதற்குள் நான் படுத்துவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமைதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். அத்தான் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் கடிதத்தை முதலில் படித்தபோது கோபம் வந்தது. மறுபடி படித்தபோது சிரிப்பு வந்தது. சரி, வருகிறேன். நீ கொடுத்த வாக்கை நம்பித்தான் வருகிறேன் என்பதை மட்டும் மறந்துவிடாதே. ஷீலா இருந்த இடத்தில் இன்னொருத்தியா? நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

பல்லாவரம் தோல் கம்பெனியில் முப்பது வருஷம் சரக்கு டெஸ்பாட்ச் பார்த்தவனிடம் திட்டம் போடச் சொன்னாயே, இதோ இணைத்திருக்கிறேன். கிழக்கே மணக்குடியில் ஆரம்பிக்கிறோம். சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம், கடியப்பட்டணம், குளச்சல், தேங்காப்பட்டணம். அப்படியே கேரளத்துக்குள் நுழைந்து வர்க்கலைச் செங்குன்றுகள் வரை. எங்கே சாப்பாடு, எங்கே கழிவறை, அத்தான் முழங்காலுக்கு எங்கே படி குறைவு, எல்லாம் போட்டிருக்கிறேன். தாம்பரத்திலேயே ரயிலேறி நாகர்கோவிலில் இறங்கலாம், எழும்பூர் அலைச்சல் இல்லை.

பக்கத்துத் தெரு ஆட்டோக்காரர் தனக்கோடியிடம் சொன்னேன். "இன்னா சார், கடலு நம்மூர்லயே கீது. ஈசிஆர் பக்கம் ஒரு சவாரி வுட்டா காட்டிட்டு வந்துர்றேன். அத்த வுட்டுட்டு இன்னாத்துக்கு அம்மாந்தூரம் போறே?" என்றார். பாறையைப் பற்றிச் சொன்னதும், "அப்ப நானும் வர்றேன் சார்" என்கிறார். நல்ல மனுஷன், பேச்சுத் துணைக்கு ஆகும். கூட்டி வரட்டுமா?

அன்புடன்,
வேதசிரோமணி


வெட்டூர்ணிமடம்
8.3.2025

பிரியமான தம்பிக்கு,

உன் காகிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். ஒத்தடம் கொடுக்கிறேன், அத்தான் சத்தம் போடுகிறார்.

யப்பா, இது சுற்றுலாவா, லாரி லோடா? உன் திட்டத்தைப் படித்ததிலேயே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. மணக்குடி வேண்டாம். சொத்தவிளை வேண்டாம். வர்க்கலை வேண்டவே வேண்டாம். மே 24 சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு முட்டம், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில். அது மட்டும் மாறக்கூடாது. மற்ற நாளெல்லாம் நீ எங்கே போனாலும் சரி, கட்டிலில் படுத்துக் கிடந்தாலும் சரி.

ஆட்டோக்காரரைக் கூட்டி வராதே. தப்பாக நினைக்காதே, இது குடும்ப விஷயம். ஷெர்வின் வந்தால் சந்தோஷம். லீவு கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. நீ கட்டாயம் வரவேண்டும். வருவதற்கு முன்னால் அந்த ஆடுகிற முன்பல்லை டாக்டரிடம் காட்டு. மீசைக்கு மை அடி. பேன்ட்டை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டுகிறாயே, அதைக் கொஞ்சம் இறக்கு.

ஒழுங்காகச் சாப்பிடு. முகம் வாடி வந்து நிற்காதே.

அக்கா


அஸ்தினாபுரம்
24.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அத்தான் சுகமறிய ஆவல்.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. கடலைப் பார்க்க வருகிறவனுக்கு மீசையில் மை எதற்கு? கடலா என் மீசையைப் பார்க்கப்போகிறது? ஆறு நாள் பயணத்தில் ஐந்து நாள் நான் கட்டிலில் கிடக்கலாமாம், சனிக்கிழமை நாலு மணி மட்டும் தவறக்கூடாதாம். அலைகூட அவ்வளவு கறாராக வராதே. சுற்றுலா என்கிறாய், குடும்ப விஷயம் என்கிறாய். இரண்டில் எது?

பிறகு யோசித்துப் பார்த்தேன். நம் வீட்டில் தற்செயலாக என்று எதுவும் நடந்ததில்லை. கன்வென்ஷன் கூட்டத்தில் பாட்டுப் புத்தகம் வாங்கி வா என்று என்னை ஸ்டாலுக்கு அனுப்பினாய். அங்கே ஷீலா அவள் அம்மாவோடு நின்றுகொண்டிருந்தாள். அது உன் ஏற்பாடு என்று தாலி கட்டின பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பெண் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் அவர்களுக்கு அவமானம், பொது இடத்தில் பார்த்தால் யாருக்கும் குறைவில்லை. இதுதானே நீ எப்போதும் சொல்வது?

அதனால் நேராகவே கேட்கிறேன். ஷெர்வினுக்குப் பெண் பார்க்கிறாயா? பையன் வராவிட்டாலும் பாதகமில்லை என்றால், பையனின் அப்பன் எப்படிப்பட்டவன் என்று முதலில் என்னை எடைபோட வருகிறார்களா? அதற்குத்தான் பல்லும் மீசையுமா?

அப்படியானால் கேட்டுக்கொள். ஷெர்வினுக்கு இப்போது கல்யாணத்துக்கு அவசரமில்லை. வேலை அதிகம். வேறொன்றும் காரணம் இல்லை. இல்லையென்றால் இல்லை, தோண்டித் தோண்டிக் கேட்காதே. வர்க்கலையை மறுபடி சேர்த்து, 24ஆம் தேதி அன்றைக்கே போட்டுவிட்டேன். சனிக்கிழமை நாலு மணிக்கு நாம் கேரளத்தில் இருப்போம்.

அன்புடன்,
வேதசிரோமணி


வெட்டூர்ணிமடம்
7.4.2025

பிரியமான தம்பிக்கு,

சுகம், சுகம். வர்க்கலையைப் பேனாவால் அடித்துவிட்டேன்.

ஷெர்வினுக்குப் பெண் பார்க்கிறேன் என்று நான் எங்கேயாவது எழுதினேனா? எழுதவில்லை. நீயாகவே ஒன்றை நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய? இல்லை என்று சத்தியம் பண்ணவும் எனக்கு இப்போது நேரமில்லை, குருத்தோலை ஞாயிறு வருகிறது, தலைக்கு மேல் வேலை.

என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த பியூலா டீச்சர் அன்றைக்கு அவள் வீட்டாரோடு முட்டம் வரப்போவதாகச் சொன்னாள். திங்கள்சந்தைக்காரி. நான் ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே கணக்கு டீச்சராக இருக்கிறாள். அருமையான குடும்பம், அளந்துதான் பேசுவார்கள். அவர்கள் வந்தால் வருகிறார்கள், கடல் என்ன என் அப்பன் வீட்டுச் சொத்தா? பார்த்தால் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வருவோம். அவ்வளவுதான்.

பல் டாக்டரிடம் போனாயா? ஈஸ்டர் வாழ்த்து.

அக்கா


அஸ்தினாபுரம், சென்னை
22.4.2025

மதிப்பிற்குரிய பியூலா டீச்சர் அவர்களுக்கு,

மெட்டில்டா டீச்சரின் தம்பி வேதசிரோமணி வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டாரும், முக்கியமாகத் தங்கள் மகளும், நல்ல சுகத்தோடிருக்க ஜெபிக்கிறேன். வீட்டு விலாசம் தெரியாததால் பள்ளிக்கூட விலாசத்துக்கே எழுதுகிறேன், மன்னிக்கவும்.

மே 24ஆம் தேதி முட்டத்தில் என் மகன் ஷெர்வினுக்காகத் தங்கள் மகளைத் தற்செயலாகப் பார்ப்பதுபோல என் அக்கா ஏற்பாடு செய்திருக்கிறாள். எனக்கு அவள் சொல்லவில்லை, நானே ஊகித்தேன். தயவுசெய்து தாங்கள் அன்றைக்கு வரவேண்டாம்.

மகனிடம் ஒரு குறையும் இல்லை. அவன் மனசில் வேறொரு பெண் இருக்கிறாள். மேடவாக்கத்துப் பெண், பெயர் நாகலக்ஷ்மி, சிறுசேரியில் அவனோடு வேலை செய்கிறவள். இந்துப் பெண். அவன் சொன்ன அன்றைக்கு எனக்குத் தலை சுற்றியது, ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பிறகு அந்தப் பெண்ணே வீட்டுக்கு வந்து, "நீங்க கோவமா இருக்கீங்கன்னு தெரியும் அங்கிள், அதான் வந்தேன்" என்று எதிரே உட்கார்ந்துவிட்டாள். நான் என்ன செய்ய? காபி போட்டுக் கொடுத்தேன். அவள் வீட்டிலும் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்கள். ஜூனில் பதிவுத் திருமணம். அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வர்க்கலை, வர்க்கலை என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தால் அவள் வீட்டைத் தலைகீழாக்கிவிடுவாள். தாங்களும் அவளிடம் சொல்லிவிட வேண்டாம். பிறத்தியார் பெற்ற பெண்ணை வெயிலில் பாறைமேல் நிற்கவைத்து ஏமாற்ற எனக்கு மனசில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இதற்குமேல் எழுதக்கூடாது. ஆனால் நாம் சந்திக்கப்போவதில்லை என்பதால் தைரியமாக எழுதிவிடுகிறேன். கல்யாணம் ஆனதும் அவர்கள் நாவலூரில் குடியேறுகிறார்கள், ஆபீஸுக்குப் பக்கம். என்னையும் கூப்பிட்டான். இரண்டு பேருக்கு நடுவில் நான் எதற்கு, போடா என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, டீச்சர். என் மனைவி போனபோது ஷெர்வின் கூட இருந்தான். அவன்மேல் எரிந்து விழுந்தாவது பொழுதை ஓட்டினேன். இனி காய்ச்சல் வந்தால் மாத்திரை இருக்கிறது, பசி வந்தால் ஓட்டல் இருக்கிறது. பேச்சு வந்தால் என்ன செய்வேன்? இதை என் அக்காவிடம் சொல்ல முடியாது. சொன்னால் உடனே வேறொரு பேச்சை எடுப்பாள், அது எனக்குப் பிடிக்காது.

தங்கள் மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டிக்கொள்கிறேன். முன்பின் தெரியாதவனின் உளறலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வணக்கத்துடன்,
வேதசிரோமணி


வெட்டூர்ணிமடம்
3.5.2025

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா இல்லையா என்றே தெரியவில்லை. ஈஸ்டருக்குக்கூட ஒரு வரி இல்லை. ஷெர்வினைக் கூப்பிட்டுக் கேட்டால், "அப்பா நல்லாத்தான் இருக்காரு அத்தை, வாசல்ல நின்னு போஸ்ட்மேனைப் பார்த்துக்கிட்டிருக்காரு" என்கிறான். என் காகிதத்துக்கே நீ பதில் போடவில்லை, பிறகு யாருடைய காகிதத்துக்குக் காத்திருக்கிறாய்?

24ஆம் தேதி மத்தியானத்துக்கு நெய்மீன் குழம்பு வைக்கட்டுமா, கோழி வைக்கட்டுமா? அதையாவது எழுது.

அக்கா


திங்கள்சந்தை
6.5.2025

திரு. வேதசிரோமணி அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் கடிதம் பள்ளிக்கூடம் சாத்துவதற்கு முந்தின நாள் கிடைத்தது. என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

கணக்கில் முதல் வரி தப்பினால் கடைசி வரை தப்பாகத்தான் வரும். உங்கள் கடிதம் அப்படி. எனக்கு மகள் இல்லை. பிள்ளைகளே இல்லை. கணவர் இறந்து ஆறு வருஷமாகிறது, தம்பி குடும்பத்தோடு இருக்கிறேன். முட்டத்தில் நீங்கள் பார்க்க வேண்டிய பெண் நான்தான். வயது ஐம்பத்துமூன்று. அதுவும் உங்கள் மகனுக்கு இல்லை, உங்களுக்கு.

உங்களுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் மெட்டில்டா டீச்சர் என்னிடம் சொன்னார்கள். முட்டம் வேண்டும் என்று நீங்களே கேட்டதாகவும், எனக்காகப் பல் கட்டிக்கொள்வதாகவும் சொன்னார்கள். அதைக் கேட்டு நான் சிரித்தேன். இரண்டு தடவை மாட்டேன் என்று சொன்னவள் மூன்றாம் தடவை சரி என்றேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவமானமாக இருந்தது, கோபமும் வந்தது. ஆனால் உங்கள்மேல் கோபப்பட முடியவில்லை. வேண்டாத சம்பந்தத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடுகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். யாரென்றே தெரியாத ஒரு பெண்ணை வெயிலில் நிற்கவைக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பயமாக இருக்கிறது என்று ஓர் ஆண் எழுதி நான் படித்ததில்லை. என் தம்பி வீட்டில் ஆறு பேர் இருக்கிறோம். பேச்சு வந்தால் என்ன செய்வது என்பது அங்கேயும் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மகன் விஷயம் என் வழியாக வெளியே போகாது.

இப்படிக்கு,
பியூலா


அஸ்தினாபுரம்
11.5.2025

அக்காவுக்கு,

சுகம். நான் வரவில்லை. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிவிட்டேன். நெய்மீனும் வேண்டாம், கோழியும் வேண்டாம்.

அந்தப் பேச்சை எடுக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தாய். என்னிடம் எடுக்கவில்லை, ஊரெல்லாம் எடுத்திருக்கிறாய். ஒரு கௌரவமான அம்மாவிடம் என்னை முட்டாளாக்கிவிட்டாய். இல்லாத ஒரு மகளுக்கு அவர்களை அம்மாவாக்கி, வராதீர்கள் என்று கடிதம் எழுதித் தொலைத்திருக்கிறேன். வெட்கத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனிமேல் எழுதாதே.

வேதசிரோமணி


வெட்டூர்ணிமடம்
19.5.2025

என் தம்பிக்கு,

எழுதாதே என்றால் எழுதாமல் இருந்துவிடுவேனா? நீ படிக்காமல் கிழித்தாலும் நான் எழுதுவேன். அத்தான் சுகம். நான் சுகமில்லை, மூன்று நாளாக அழுகைதான்.

பொய் சொன்னேன். இங்கே ஒரு பொய், அங்கே ஒரு பொய், கடைசியில் யாரிடம் எதைச் சொன்னேன் என்று எனக்கே குழம்பிவிட்டது. ஷெர்வினுக்கு என்று நீ நினைத்துக்கொண்டபோது, அப்படியாவது வந்து சேரட்டும் என்று சும்மா இருந்துவிட்டேன். உனக்குத் தெரியாமல் உன்னை மணவறைக்கு இழுக்கப் பார்க்கவில்லையடா. கண்ணால் பார்த்தால் உனக்கே பிடித்துவிடும் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

இன்னொன்றும் கேள். மேடவாக்கத்துப் பெண் விஷயம் எனக்கு ஜனவரியிலேயே தெரியும். ஷெர்வின்தான் சொன்னான். இரண்டு நாள் நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அது என் பாடு. உன்னிடம் ஏன் கேட்கவில்லை என்றால், நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன். நீ வர்க்கலைக்கு வழி எழுதி அனுப்பினாய்! அன்றைக்குப் போனில் பிள்ளை என்ன சொன்னான் தெரியுமா? "நான் போயிட்டா அப்பா யார்கிட்ட அத்தை கத்துவாரு? நீங்கதான் ஏதாவது பண்ணணும்" என்று சொல்லிவிட்டுத் தேம்பினான். நீ அவனிடம் வீம்பு பேசினாய், அவன் என்னிடம் அழுதான். நான் என்னதான் செய்ய?

ஷீலாவை உனக்குக் கொண்டுவந்தவள் நான். அவளை நான் மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே.

அக்கா


திங்கள்சந்தை
2.6.2025

திரு. வேதசிரோமணி அவர்களுக்கு,

வணக்கம். நலம். உங்கள் மகனின் திருமண நாள் நெருங்கியிருக்கும். இருவருக்கும் என் ஆசீர்வாதம்.

நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரிந்தும் மே 24ஆம் தேதி நான் முட்டத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று இப்போதும் விளங்கவில்லை. சனிக்கிழமை கடல் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டிருந்தேன். போகவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் போய்விட்டு வருவதே மேல் என்று பஸ் ஏறினேன்.

மழை ஆரம்பித்துவிட்டது, கடல் மிரண்டு கிடந்தது. பாறைப் பக்கம் போனவர்களையெல்லாம் போலீஸ்காரர் விசில் ஊதித் துரத்திக்கொண்டிருந்தார். நான் மேலே கம்பியைப் பிடித்து நின்றேன். ஒரு குடும்பம் வந்து, போட்டோ எடுத்துத் தருகிறீர்களா என்று போனை நீட்டியது. எடுத்துக் கொடுத்தேன். அடுத்த குடும்பமும் நீட்டியது. தனியாக நிற்கிறவளிடம்தானே எல்லாருக்கும் கேட்கத் தோன்றும்? ஐந்தாறு குடும்பம் ஆனது. கொஞ்சம் சிரியுங்கள், குழந்தையைத் தூக்குங்கள் என்றெல்லாம் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது. சாரலில் யாருக்கும் தெரிந்திருக்காது.

நாலு மணிக்கு உங்கள் அக்கா வந்தார்கள், நான் வந்தாலும் வருவேன் என்று ஊகித்து, நெய்மீன் குழம்போடு. காரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். உங்கள் அத்தான் சாப்பிட்டதும் தூங்கிவிட்டார். அக்கா மன்னிப்புக் கேட்டார்கள். எனக்கும் அவர்கள்மேல் இருந்த கோபம் போய்விட்டது. நீங்களும் கோபத்தை விட்டுவிடுங்கள்.

நீங்கள் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அன்றைக்கு நினைத்தேன். இதைச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் எழுதினேன். பதில் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை.

பியூலா


அஸ்தினாபுரம்
27.6.2025

அன்புள்ள பியூலா டீச்சர் அவர்களுக்கு,

வேதசிரோமணி எழுதுவது. உடம்பு சுகம்தான். தங்கள் கடிதம் வந்து இத்தனை நாள் ஆனதற்கு மன்னிக்கவும். பலமுறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அக்கா வந்திருந்தாள். நாகலக்ஷ்மியை முறைத்துக்கொண்டே உள்ளே வந்தவள், மத்தியானப் பந்தியில் அவளுக்கு ஊட்டிவிட்டாள். நானும் அக்காவும் சமாதானம் ஆகிவிட்டோம். மறுவாரம் பிள்ளைகள் நாவலூருக்குச் சாமான் ஏற்றினார்கள். நான்தான் முன்னால் நின்று எதை முதலில் ஏற்றுவது, எதைக் கடைசியில் ஏற்றுவது என்று சத்தம் போட்டேன். வண்டி தெரு முனை திரும்பியதும் வேலை முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் வெளியே வந்து தனக்கோடி ஆட்டோவில் ஏறிவிட்டேன். ஜிஎஸ்டி ரோடு வரை போனதும் அவர் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், ஏறி குந்திகினே, எங்க போவணும்னு சொல்லவே மாட்டேன்ற?" என்றார். எங்கே போகவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, டீச்சர். முப்பது வருஷம் எத்தனையோ லாரிக்கு வழி எழுதிக் கொடுத்தவன் நான். அந்த மனுஷனுக்கு என்ன தோன்றியதோ, டீ வாங்கிக் கொடுத்து வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு முழுவதும் ஷீலாவை நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு துணை என்றால் அவளுக்குத் துரோகம் என்று அக்காவிடம் கத்தினவன் நான். இன்றைக்கும் அது தப்பா சரியா என்று எனக்குத் தெளிவாகவில்லை. ஆனால் நீங்கள் மழையில் நின்று யார் யாருக்கோ போட்டோ எடுத்துக் கொடுத்ததைப் படித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. வராமல் போனேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. அப்படி ஏன் வரவேண்டும்? நாம் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லையே. யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான். குழப்பத்தோடேயே தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

ஜூலை 12 சனிக்கிழமை நாகர்கோவிலில் இறங்குகிறேன். அக்காவுக்குச் சொல்லவில்லை. எங்கே வரவேண்டும் என்று நீங்களே எழுதுங்கள். கடற்கரையானாலும் சரி, பஸ் ஸ்டாண்டானாலும் சரி, உங்கள் தம்பி வீட்டு வாசலானாலும் சரி. அங்கே யாராவது என்னைப் பிடித்து எதற்கு வந்தாய் என்று கேட்டால் தற்செயலாக வந்தேன் என்று சொல்லமாட்டேன். உங்களைப் பார்க்கத்தான் வருகிறேன்.

வேதசிரோமணி